சிற்றூர் வைத்தியரும் மாகாண நிர்வாகமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் சமூகத்தில் வைத்தியக் கல்வி பெற்று வெளிவரும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவர்களிற் சிலர் பட்டணவாசத்தை விரும்பாது ஊர்ப்புறங்களில் அமர்ந்து நற்பெயர் எடுத்திருக்கின்றனர். நற்பெயர் எடுத்த வைத்தியரை ஊரார் சும்மா விட்டுவைப்பதில்லை. தேர்தற் காலம் நெருங்கியதும், “நம் டாக்டர் ஐயா நின்றால் என்ன?” என்ற பேச்சு திண்ணைகளில் எழுகின்றது. நாடி பிடித்தறிந்த கைக்கு நாட்டை ஆளவும் தெரியும் என்று நம் மக்கள் எண்ணுகின்றனர் போலும். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஒருவரது வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இன்றைய என் நோக்கம்.

நம் நாட்டிலும் வைத்தியராயிருந்து சட்டசபை புகுந்தோர் பலர் உண்டு. ஆயினும் நம்மவர் ஒருவரின் பெயரைச் சொன்னால், அவர் எந்தக் கட்சி என்ற கேள்வி உடனே பிறந்து, பேச்சு வழி மாறிப் போய்விடும். ஆதலால் நமக்கு உறவும் பகையும் இல்லாத தூரதேசத்தார் ஒருவரைத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் ஜான் கிட்ஸாபர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில், காலிபோர்னியாவுக்கு வடக்கே, பசிபிக் சமுத்திரத்தை ஒட்டி ஆரிகன் என்றொரு மாகாணம் இருக்கின்றது. அதன் கவர்னராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். அந்நாட்டில் மாகாணக் கவர்னர் என்பவர் மேலிடத்தார் நியமித்து அனுப்பும் அலங்காரத் தலைவர் அல்லர். ஜனங்களின் வாக்கினால் வந்து, நிர்வாகம் முழுவதையும் தாமே நடத்துபவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிட்ஸாபர் 1947ஆம் ஆண்டு பிறந்தவர். 1973இல் வைத்தியப் பட்டம் பெற்றபின், ஆரிகனின் தென்பகுதியில் அம்ப்குவா நதிப் பள்ளத்தாக்கிலுள்ள ரோஸ்பர்க் என்னும் சிற்றூருக்குச் சென்று, ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதியில் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் அவ்வூரின் ஜனத்தொகை இருபதினாயிரத்துக்கும் குறைவு. சுற்றிலும் ஊசியிலை மரக் காடுகள். மரம் வெட்டுவதும், அறுப்பதும், லாரிகளில் ஏற்றுவதுமே ஜனங்களின் ஜீவனம். அப்படிப்பட்ட ஊரின் அவசர சிகிச்சைப் பகுதிக்கு யார் யார் வருவார்கள் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ரம்பத்தில் கை அகப்பட்டவன் வருவான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிழவர் வருவார். அவர்களோடு, கையில் காசில்லாமையால் நோயை முற்றவிட்டு, இனிப் பொறுக்க முடியாது என்ற நிலையில் வருபவர்களும் இருப்பார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக அவர் அங்கே வைத்தியம் செய்தார்.

1978இல் மாகாணச் சட்டசபையின் கீழ்ச்சபைக்கும், 1980இல் மேல்சபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1985 முதல் 1993 வரை மேல்சபையின் தலைவராக இருந்தார். ஆரிகன் சட்டசபை அந்நாட்களில் இரண்டாண்டுக்கு ஒரு முறை மட்டும் சில மாதங்கள் கூடும் வழக்கமுடையது. ஆகவே உழவரும் வியாபாரியும் ஆசிரியரும் தத்தம் தொழிலை விடாமலே அங்கத்தினராக இருக்கக் கூடும். கிட்ஸாபரும் தலைநகராகிய சேலத்தில் (நம் சேலம் அன்று, பெயர் மட்டுமே ஒன்று) வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களித்துவிட்டு, ரோஸ்பர்க்குக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்த்துவந்தார்.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரத்தொழில் படுத்துவிட்டது. மாகாணத்தின் வருமானம் குறையவே, சட்டசபையார் ஏழைகளுக்கான வைத்திய உதவியை வெட்டினார்கள். வெட்டியவர்களில் இவரும் ஒருவர். வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியை அடித்தால், சட்டசபையிலுள்ள மற்றவர்களுக்கு அத்துடன் காரியம் முடிந்தது. இவருக்கோ, அடிக்கப்பட்ட வரி ஆளாக வந்து ஆஸ்பத்திரி வாயிலில் நின்றது. உதவியை இழந்தபின் மருந்து வாங்க இயலாது நோய் முற்றி வந்தவர்களைத் தாமே பரிசோதிக்க நேர்ந்தது என்பதை அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். சட்டம் செய்தவனும் அதன் விளைவுக்குக் கட்டுப் போடுபவனும் ஒருவனாகவே இருக்கும் நிலை உலகத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இனி அவரது வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஏழைகளின் வைத்தியச் செலவுக்கென 1965 முதல் மெடிக்கெய்ட் என்ற ஏற்பாடு உண்டு. மத்திய அரசாங்கமும் மாகாணமும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். சில சிகிச்சைகளை மாகாணம் கொடுத்தே தீரவேண்டும். சிலவற்றைக் கொடுப்பதும் விடுவதும் அதன் இஷ்டம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1987ஆம் ஆண்டு ஆரிகன் சட்டசபை அச்சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அடுத்த இரண்டாண்டில் சுமார் முப்பது பேருக்கு ஆகக்கூடிய அப்பணத்தைக்கொண்டு, கர்ப்பவதிகளும் குழந்தைகளுமாகச் சுமார் 1,500 பேருக்குச் சாதாரண வைத்திய உதவி அளிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கை அன்று எவரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டு, எலும்பு மஜ்ஜை மாற்றினாலன்றிப் பிழையான் என்ற நிலை ஏற்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் வேண்டும். மாகாணம் கைவிரித்தது. குடும்பத்தார் ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள். பெரும்பகுதி சேர்ந்தும் முழுத்தொகை சேருமுன், 1987 டிசம்பரில், குழந்தை இறந்துபோயிற்று. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அக்குழந்தையின் முகத்தை நாடெங்கும் காட்டின. 1,500 பேரின் முகத்தை எந்தப் பத்திரிகையும் காட்டவில்லை, காட்டவும் இயலாது. நோய் வாராமலே காக்கப்பட்ட குழந்தைக்குப் படம் ஏது?

1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சட்டசபையின் இடைக்கால நிதிக்குழு கூடியது. நிறுத்திய பணத்தை மீண்டும் கொடுக்கவேண்டும் என்று அங்கத்தினர் சிலர் கொணர்ந்த யோசனையை எதிர்த்து நின்றவர் யார்? வைத்தியராகிய கிட்ஸாபரே! கொடுப்பதாயின் கொடுப்போம்; ஆனால் இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கும் நாம், வைத்திய உதவியே சிறிதும் இல்லாத பல்லாயிரம் பேருக்கு என்ன பதில் சொல்கிறோம், எந்த நியாயத்தால் இவர்களை முன்னும் அவர்களைப் பின்னும் வைக்கிறோம் என்பதே அவருடைய வினா. யோசனை தோற்றது. அவரைக் கல்நெஞ்சர் என்று தூற்றியவர்கள் பலர். வைத்தியர் ஒருவர் இங்ஙனம் சொல்லலாமா என்று கேட்டவர்கள் அதனினும் பலர்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். வைத்தியனுடைய தர்மம் எது? முன்னே கிடக்கும் நோயாளியைத் தவிர வேறொருவரையும் நினையாமை. அவனுக்காக எவ்வளவு செலவாயினும் வாதாடுவது. அத்தர்மத்தைப் பிசகாமல் நடத்துபவனையே நல்ல வைத்தியன் என்று ஊர் கொண்டாடுகிறது. சட்டசபை அங்கத்தினனின் தர்மமோ, முன்னே இல்லாதவனை நினைப்பது. வாயில்வரை வர வண்டிச் சத்தமும் இல்லாதவனை நினைப்பது. இரண்டும் ஒருவருள்ளேயே மோதும்போது அவர் யாராயினும் வருந்தாமல் இருக்க முடியாது. திண்ணையில் பேசுகிறவர்கள் இந்த மோதலை எண்ணிப் பார்ப்பதில்லை. நல்ல வைத்தியர் நல்ல அங்கத்தினராகவும் இருப்பார் என்று ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகித்துவிடுகிறார்கள்.

நம் சங்கத்தின் உதவி நிதியும் இதே கஷ்டத்தில்தான் இருக்கின்றது என்று சொன்னால் நிர்வாகஸ்தர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். பெரிய சத்திரசிகிச்சைக்கு உதவி கோரி ஒரு குடும்பம் வருகின்றது. அதே நிதியிலிருந்துதான் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் புத்தகமும் போகவேண்டும். குடும்பத்தார் நேரில் வந்து கண்ணீர் விடுகிறார்கள். புத்தகம் வேண்டிய பிள்ளைகள் கூட்டமாக வந்து அழுவதில்லை. நாமும் முடிவு செய்யத்தான் செய்கிறோம். ஆனால் எந்த அளவுகோலால் செய்தோம் என்பதை எங்கேயும் எழுதிவைப்பதில்லை. ‘இல்லை’ என்று சொல்வதைவிட, ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்று சொல்வது நமக்கு எளிதாக இருக்கின்றது.

கிட்ஸாபர் செய்தது இதற்கு நேர்மாறானது. யாருக்கு இல்லை என்பதைப் பகிரங்கமாகச் சொல்லும் முறை ஒன்றை வகுத்தார். அதுவரை ஆரிகனில் இருந்த ஏற்பாட்டின்படி, வறுமைக்கோட்டின் பாதிக்குச் சற்றுமேல் வருமானம் உள்ள குடும்பமும் உதவிக்கு அருகதையற்றது. பிள்ளைகள் இல்லாத ஏழை, எவ்வளவு ஏழையாயினும், பெரும்பாலும் கணக்கிற் சேரான். அதாவது, சிலருக்கு எல்லாச் சிகிச்சையும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்பது பழைய முறை. இனி ஏழைகள் எல்லோரையும் சேர்த்துக்கொள்வோம், ஆட்களை வெட்டுவதற்குப் பதிலாகச் சிகிச்சைகளை வரிசைப்படுத்தி, பயன் குறைந்தவற்றை வெட்டுவோம் என்பது புதிய முறை. 1989இல் இதற்குச் சட்டம் நிறைவேறியது. பதினொருவர் கொண்ட கமிஷன் ஒன்று அமைந்தது. ஐந்து வைத்தியர், ஒரு பொதுச் சுகாதாரத் தாதி, ஒரு சமூக ஊழியர், சாதாரண ஜனங்களில் நால்வர். இவர்கள் நோயையும் அதற்குரிய சிகிச்சையையும் ஜோடி ஜோடியாக எடுத்து, முதன்மையானதிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்த வேண்டும். சட்டசபைக்கு அவ்வரிசையை மாற்ற அதிகாரமில்லை. கையிலிருக்கும் பணத்துக்கு எத்தனையாவது இலக்கம்வரை கொடுக்க முடியும் என்று கோடு கிழிக்க மட்டுமே அதிகாரம். இந்த உபாயத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். செல்வாக்குள்ள அங்கத்தினர் ஒருவர் தமக்கு வேண்டிய வியாதியைக் கைதூக்கி மேலே வைக்க முடியாது. பணத்தைக் குறைக்க விரும்பினால், எந்த எந்தச் சிகிச்சை அற்றுப்போகிறது என்பதை உலகறியக் குறைக்கவேண்டும்.

மாகாணமெங்கும் 47 பொதுக்கூட்டங்கள் கூட்டி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டார்கள். வந்தவர்கள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே. அவர்களிலும் பெரும்பாலோர் வைத்தியத் துறையில் உத்தியோகம் பார்ப்பவர்கள். எந்த ஏழைகளுக்காகக் கூட்டமோ அவர்கள் வந்தது சொற்பம். இக்குறையை அப்போதே பலர் எடுத்துக்காட்டினர்.

முதற் பட்டியல் 1990இல் வந்தது. 1,600 ஜோடிகளுக்கு மேல் இருந்தன. செலவையும் பயனையும் வைத்துச் சூத்திரம் போட்டுக் கணக்குயந்திரத்தில் கொடுத்து எடுத்த பட்டியல் அது. விளைவு என்ன? பல்லுக்கு உறை போடுவது, குடல்வால் அழற்சிக்கான சத்திரசிகிச்சைக்கு மேலே வந்து நின்றது! பல்லுக்கு உறை போடும் செலவு சிறிது. ஆகவே சூத்திரத்தின்படி அது லாபகரம். குடல்வால் வெடித்தால் ஆள் இறந்துபோவான் என்பது சூத்திரத்துக்குப் போதுமான அளவில் தெரியவில்லை. நாடு சிரித்தது. கமிஷனார் அப்பட்டியலைத் தள்ளிவிட்டு, உயிரைக் காப்பது, பிரசவம், நோய்த்தடுப்பு என்று வகை பிரித்து, தங்கள் விவேகத்தையும் சேர்த்து, 1991இல் 709 இலக்கங்கள் கொண்ட வேறொரு பட்டியல் தயாரித்தனர். சட்டசபை 587க்குக் கீழே கோடு கிழித்தது. கோட்டுக்குக் கீழே தாமே நீங்கக்கூடிய சாதாரண சளி முதலியனவும், சிகிச்சையாற் பயன் மிகக் குறைவு என்று கருதப்பட்டவையும் விழுந்தன. எந்தச் சிகிச்சையைப் பற்றி இவ்வளவு அல்லோலகல்லோலம் நேர்ந்ததோ, அந்த உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளிற் பல கோட்டுக்கு மேலேயே இடம் பெற்றன. இச்செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தபோதுதான் அவற்றின் உண்மையான இடம் தெரிந்தது.

ஏற்பாட்டை நடத்த மத்திய அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். 1992 ஆகஸ்டில் ஜார்ஜ் புஷ் அவர்களின் அரசாங்கம் மறுத்தது. அங்கவீனர்களுக்கு இப்பட்டியல் பாரபட்சமாகும் என்பது காரணம். பட்டியலைத் திருத்தியபின் 1993 மார்ச்சில் கிளின்டன் அவர்களின் அரசாங்கம் சம்மதித்தது. 1994 பிப்ரவரியில் திட்டம் தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் கிட்ஸாபர் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எவ்விதப் பாதுகாப்பும் இல்லாத ஜனங்கள் முன்பு நூற்றுக்குச் சுமார் பதினெட்டுப் பேராக இருந்தது, சில ஆண்டுகளில் பதினொன்றாகக் குறைந்தது. எதிரிகள் அஞ்சியவண்ணம் ஏழைகள் கூட்டங்கூட்டமாகச் சிகிச்சையின்றி மாண்டதாக ஆராய்ச்சியாளர் எவரும் காணவில்லை. பட்டியலால் மிச்சமான பணமும் அதிகமில்லை என்பதே அவர்கள் கண்டது.

ஆனால் என் மனத்தில் ஓர் ஆட்சேபம் நின்றுகொண்டே இருக்கின்றது. அதை மறைக்க விரும்பவில்லை. பட்டியல் யாருக்கு? ஏழைகளுக்கு மட்டும். பட்டியலை வகுத்தவர்களும், கோடு கிழித்தவர்களும், பொதுக்கூட்டத்தில் வந்து பேசியவர்களும் அந்தக் கோட்டுக்குள் வராதவர்கள். அவர்களுக்கு வேறு இன்ஷூரன்ஸ் உண்டு. தொழிலாளரைச் சேர்த்துக்கொள்ளும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் கிட்ஸாபர் செய்துவைத்தது உண்மை. எல்லோரும் ஒரே வகையான ஏற்பாட்டின்கீழ் வரவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் அதற்கு மத்தியச் சட்டத்தில் விலக்குக் கிடைக்காமற்போகவே, அப்பகுதி நடைமுறைக்கு வாராமலே காலாவதியாயிற்று. கடைசியில் நின்றது, பிறர் உண்ணும் உணவுக்குத் தாம் அளவு வகுப்பது போன்ற நிலை. விதி வகுப்பவனும் அவ்விதியின்கீழ் வாழவேண்டும் என்பது பழைய நியாயம். ரோஸ்பர்க் ஆஸ்பத்திரியில் அவருக்கு வாய்த்திருந்த அந்த நிலை, சட்டசபையிலுள்ள மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை.

அவர் பதவி விட்டிறங்கிய 2003இல் மாகாணத்துக்கு மீண்டும் பணமுடை. மாதச் சந்தாவும் பிறகட்டணங்களும் விதித்தார்கள். அவ்விதிக்குட்பட்ட வகுப்பினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த ஆண்டுக்குள்ளேயே விலகிப்போயினர். சில டாலர் சந்தா கட்ட இயலாமையால்! 2008இல், சிறிது பணம் கிடைத்தபோது, பத்தாயிரம் இடங்களுக்கு ஏறக்குறைய 90,000 பேர் பெயர் கொடுத்தனர். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வைத்திய உதவிக்குச் சீட்டுக் குலுக்குவது! அறிவால் வரிசைப்படுத்திய மாகாணம் அதிர்ஷ்டத்தால் வரிசைப்படுத்தும் நிலைக்கு வந்தது. ஒன்று மட்டும் நன்மை: சீட்டு விழுந்தவரையும் விழாதவரையும் ஒப்பிட்டு ஆராய அறிஞர்களுக்கு அரிய வாய்ப்புக் கிட்டியது. விழுந்தவர்களுக்குக் கடன் தொல்லையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் இரண்டாண்டு அளவில் இரத்தக் கொதிப்பு முதலியவற்றில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை என்று 2013இல் வெளியிட்டார்கள்.

2010ஆம் ஆண்டுத் தேர்தலில் கிட்ஸாபர் மீண்டும் வென்றார். இம்முறை அவர் அடிக்கடி சொன்ன திருஷ்டாந்தம் ஒன்று ஊர்வைத்தியர் எவருக்கும் உடனே விளங்கும். இருதயம் பலவீனப்பட்ட மூதாட்டி ஒருத்தி. கோடைவெப்பம் தாங்காது மூச்சுத் திணறுகிறது. ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க 50,000 டாலர் கொடுக்க அரசாங்கம் தயார். வீட்டில் வைக்கும் 200 டாலர் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு காசும் கொடாது. இத்தகைய செலவையும் செய்ய இடங்கொடுக்கும் வட்டார அமைப்புகளை 2012இல் ஏற்படுத்தினார். மத்திய அரசாங்கம் ஐந்தாண்டுகளுக்கு 190 கோடி டாலர் கொடுத்தது.

மற்றொரு காரியம் சுருக்கமாகவேனும் சொல்லத்தக்கது. முதல் ஆட்சிக்காலத்தில், 1996இலும் 1997இலும், இரண்டு மரணதண்டனைகள் நிறைவேற அவர் தடைசெய்யாது விட்டார். 2011 நவம்பரில் மூன்றாவது தண்டனை வந்தபோது, தம் ஆட்சியில் இனி எவருக்கும் அத்தண்டனை நிறைவேறாது என்று நிறுத்திவைத்தார். முந்திய இரண்டும் தம் மனத்தை வாட்டிவந்ததையும், வைத்தியராகத் தாம் செய்த பிரமாணத்தையும் அப்போது எடுத்துரைத்தார். பிரமாணம் பதினைந்து ஆண்டுக்கு முன்னும் அதுவேதான். ஆனாலும் அது ஒருவரது மனத்தில் வேலைசெய்யக் காலம் பிடிக்கின்றது.

அவரது வீழ்ச்சியையும் சொல்லாது விட்டால் இவ்வரலாறு புகழ்மாலையாய்விடும். 2013இல் இன்ஷூரன்ஸ் பதிவுக்காகப் பெரும் பொருட்செலவில் மாகாணம் அமைத்த இணையதள ஏற்பாடு வேலைசெய்யாமல் கைவிடப்பட்டது. 2014 நவம்பரில் நான்காம் முறை வென்றார். அவருடன் வாழ்ந்து, மணம் செய்துகொள்ளவிருந்த பெண்மணி, அரசாங்க விஷயங்களைத் தொட்ட ஆலோசனைத் தொழிலில் ஊதியம் பெற்றது பற்றிக் கேள்விகள் எழுந்தன. 2015 பிப்ரவரியில் ராஜிநாமா செய்தார். மத்திய அரசாங்கத்தின் விசாரணை 2017இல் எவ்விதக் குற்றச்சாட்டுமின்றி முடிந்தது. மாகாண ஒழுக்க ஆணையம் விதிமீறல்கள் உண்டென்று கண்டு விதித்த 20,000 டாலர் அபராதத்துக்கு 2018இல் அவர் உடன்பட்டார். நோயாளியின் வீட்டுச் சங்கதி வெளியே போகாமற் காப்பது வைத்தியனுக்குக் கடமை. பதவியிலிருப்பவனோ தன் வீட்டுச் சங்கதியைத் தானே முன்வந்து வெளியிடக் கடமைப்பட்டவன். இந்த வேறுபாட்டை அவ்வளவு அனுபவசாலியும் உணர்ந்து நடக்கவில்லை என்றே கருதுகிறேன்.

பட்டியலின் கதி என்ன என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டுக்குமேல் அது நடைபெற்றது. 2022இல் மத்திய அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், 2027ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் அம்முறையைக் கைவிட ஆரிகன் ஒப்புக்கொண்டது.

நம் உதவி நிதிக்கு எழுத்துமூலமான அளவுகோல் ஒன்று வகுக்கவேண்டும் என்றும், அதை வகுக்கும் குழுவில் உதவி பெற்ற குடும்பத்தார் இருவராவது இருக்கவேண்டும் என்றும் ஒரு தீர்மானத்தைக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அதன்மேல் வாதப்பிரதிவாதங்களை அடுத்த பொதுக்கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.